தராசுக்கு வெளியே நிற்பவர்கள்

1

ராதாபினோத் பாலின் மறுப்புத் தீர்ப்பை நண்பர் ஒருவர் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து ஒரு வருஷமாகிறது. 1,200 பக்கங்களுக்கு மேல் வரும் தீர்ப்பு அது. 1953ல் கல்கத்தாவில் புத்தகமாக வெளிவந்தது. முழுவதையும் படித்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். வங்கியில் கவுண்டர் மூடி, அன்றைய கணக்கை நேர் செய்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தபின், இரவில் பத்துப் பத்துப் பக்கங்களாகப் படித்தேன். சில பகுதிகளைத் தாண்டிப் போனேன். சிலவற்றுக்குத் திரும்பத் திரும்ப வந்தேன். இப்போது எழுதுவது அதற்கு மதிப்புரை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படிக்கும்போது எழுந்து இன்னும் தணியாமல் இருக்கும் ஒரு சங்கடத்தை நண்பர்கள் முன் வைக்கிறேன்.

நம் வட்டத்தில் நீதி என்ற சொல் வெகு சுலபமாகப் புழங்குகிறது. அதிகாரத்தை எதிர்த்து யார் எதைச் சொன்னாலும் அதை நீதியின் குரல் என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கம் நமக்கு உண்டு. பாலை இந்தச் சட்டத்துக்குள் வைத்துவிடுவது எளிது. டோக்கியோவில் பதினோரு நாட்டு நீதிபதிகள் உட்கார்ந்திருந்த சபையில், குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்து எழுதிய ஒரே நீதிபதி ஓர் இந்தியர், வெள்ளைக்காரனின் ஆட்சியில் பிறந்து வளர்ந்தவர் என்றால் நமக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்கும் இருந்தது. அந்தப் பெருமைக்கு நடுவில் என் அம்மாச்சி வந்து நின்றாள். அதிலிருந்துதான் இந்தச் சங்கடம்.

2

முதலில் பாலின் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அதைக் குறைத்துச் சொல்லிவிட்டு விமர்சிப்பது நேர்மையாகாது.

தூரக்கிழக்குக்கான சர்வதேச ராணுவ நீதிமன்றம் 1946 மே 3ந் தேதி டோக்கியோவில் கூடியது. ஜப்பானின் பிரதம மந்திரிகளாகவும் மந்திரிகளாகவும் தளபதிகளாகவும் இருந்த 28 பேர் கூண்டில் ஏற்றப்பட்டார்கள். விசாரணையின்போது இருவர் இறந்தார்கள். ஒருவருக்குச் சித்தம் சரியில்லை என்று விலக்கிவிட்டார்கள். மீதி 25 பேரும் 1948 நவம்பரில் குற்றவாளிகள் என்று தீர்மானிக்கப்பட்டார்கள். டிசம்பர் 23ந் தேதி 7 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

பால் 1886ல் வங்காளத்து நாடியா ஜில்லாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் கணித ஆசிரியர். பிறகு வக்கீல், கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி, கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் எழுப்பிய கேள்விகள் கணிதக்காரரின் கேள்விகள்தாம். ஒரு காரியம் செய்யப்பட்ட நாளில் அது குற்றமாக இல்லை. செய்து முடித்தபின் அதைக் குற்றம் என்று வகுத்து ஒருவனைத் தண்டிக்கலாமா? ஆக்கிரமிப்பு யுத்தம் குற்றம் என்றால், ஆசியாவில் மேல்நாட்டார் ஆளும் நிலங்கள் எந்த முறையில் கைக்கு வந்தவை? தீர்ப்பளிக்கும் தகுதி ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? ஜெயித்ததிலிருந்து என்றால், தோற்றதுதான் குற்றம் என்று நேரடியாகச் சொல்லிவிடலாமே.

இவை வறட்டுத் தர்க்கம் அல்ல என்பதற்கு அந்த வருஷங்களே சாட்சி. அதே சபையில் நீதிபதியை உட்கார வைத்திருந்த ஹாலந்து, இந்தோனேஷியாவை மீண்டும் பிடிக்க யுத்தம் நடத்திக்கொண்டிருந்தது. அதன் இரண்டாவது ராணுவத் தாக்குதல் யோக்யகர்த்தாவின் மேல் தொடங்கிய நாள் 1948 டிசம்பர் 19. டோக்கியோவில் ஆக்கிரமிப்புக்காகத் தூக்குக் கயிறு விழுவதற்கு நாலே நாள் முன்பு. பிரான்ஸ் இந்தோசீனாவில் சண்டையிட்டுக்கொண்டிருந்தது. சோவியத் யூனியன் ஜப்பானோடு செய்துகொண்ட நடுநிலை ஒப்பந்தம் கையில் இருக்கும்போதே 1945 ஆகஸ்டில் அதன்மேல் போர் தொடுத்தது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் குற்றப்பத்திரிகையில் வர வழியே இல்லை. பிளேக்னி என்ற அமெரிக்கர், பிரதிவாதிகளுக்காக வாதாடியவர், அணுகுண்டைப் பற்றி அந்தச் சபையிலேயே கேட்டார். சபை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பசிபிக் யுத்தத்தில் நாஜித் தலைவர்களின் உத்தரவுகளுக்கு அருகே வைக்கத்தக்க காரியம் ஒன்று உண்டென்றால் அது அணுகுண்டைப் போடுவதென்று எடுத்த முடிவுதான் என்று பால் எழுதினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. சக்கரவர்த்தி ஹிரோஹிதோவின் மேல் வழக்கே போடப்படவில்லை. மஞ்சூரியாவில் உயிரோடிருக்கும் மனிதர்கள்மேல் நோய்க்கிருமிச் சோதனை நடத்திய 731வது பிரிவின் தலைவர்களுக்கு, அவர்களுடைய ஆராய்ச்சிக் குறிப்புகளுக்குப் பதிலாக அமெரிக்கா விலக்குக் கொடுத்தது. முதல்தரக் குற்றவாளி என்ற சந்தேகத்தில் அடைக்கப்பட்டிருந்த கிஷி நோபுசுகே தூக்குக்கு மறுநாள், டிசம்பர் 24ந் தேதி விடுதலையானார். 1957ல் பிரதம மந்திரியாகிவிட்டார். கீழ்மட்ட விசாரணைகளிலோ, ஜப்பானியர் தங்கள் காலனியிலிருந்து கொண்டுவந்து சிறைக்காவலுக்கு வைத்த கொரியர்கள் உள்ளிட்ட 148 கொரியர்கள் தண்டனை பெற்றார்கள். 23 பேர் தூக்கிலேறினார்கள்.

மனுநீதிச் சோழன் கதையை நாம் சின்ன வயதில் கேட்டது தண்டனையின் கதையாக. இப்போது எனக்கு அது தராசின் கதையாகத் தெரிகிறது. மகனைத் தேர்க்காலில் இட்டது கொடூரம்தான். ஆனால் அந்தக் கதை எதைச் சொல்ல இத்தனை கொடூரம் வரை போகிறதென்றால், தன் வீட்டை நிறுக்க மறுக்கிற தராசு தராசே அல்ல என்பதற்காக. டோக்கியோவில் மணியை அடிக்கலாம். எந்தப் பசு அடிக்கலாம் என்பதை ஜெயித்தவர்கள் முன்பே தீர்மானித்திருந்தார்கள். பால் இதைச் சொன்னார். இந்த அளவில் அவர் சொன்னதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கத் தயாரில்லை.

3

அம்மாச்சியின் தகப்பனார், என் பூட்டன், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1937ல் மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அதற்கடுத்த வருஷம் இந்திய சர்க்கார் தோட்டக்கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. ஒரு வருஷம் தாமதித்திருந்தால் போயிருக்க முடியாது என்று அம்மாச்சி சொல்வாள். அப்போது அவள் கைக்குழந்தை. மணியார்டர் வந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மணியார்டர் நின்றது. கடிதம் நின்றது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷம் கழித்து அதே தோட்டத்திலிருந்து ஊருக்குத் திரும்பிய ஒருவர் பூட்டியிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "சயாமுக்குப் போன கூட்டத்துல ஏறினதப் பாத்தேன் ஆத்தா." எங்கள் குடும்பத்தில் இருக்கும் சாட்சியம் மொத்தமும் இதுதான்.

சயாம் என்றால் ரயில்பாதை. சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். மலையும் காடும், அந்த வருஷத்து மழையும், காலராவும். நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கு மேல் அதில் வேலை செய்தார்கள். 12,000க்கு மேல் இறந்தார்கள். மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கொண்டுபோன ஆசியத் தொழிலாளர்கள் 2 லட்சம் அளவில் இருக்கலாம் என்பது மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேல் என்பார்கள். அதில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். ரப்பருக்கு விலை போய், தோட்டத்தில் வேலையில்லாமல் கிடந்தவர்களைச் சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசைகாட்டி ஏற்றினார்கள். ஆசைக்கு வராதவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். பாளையத்தில் காலரா வந்தபோது, போர்க்கைதிகளுக்காவது அவர்களோடு கைதான ராணுவ டாக்டர்களும், வரிசையும், கட்டளையிட ஓர் அதிகாரியும் இருந்தார்கள். தோட்டக்கூலிக்கு அதுவும் இல்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்? 75,000 என்கிறார்கள். 90,000 என்கிறார்கள். ஒரு லட்சம் என்கிறார்கள். தினமும் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் நேர்செய்கிற எனக்கு இந்த எண்களில் உறுத்துவது அவற்றின் பருமன் மாத்திரம் இல்லை. இந்த மதிப்பீடுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், இறந்த போர்க்கைதிகளின் மொத்தத்தைவிட அதிகம். ஒரு பக்கத்தில் ஒவ்வொரு பெயரும், எண்ணும், ரெஜிமென்டும், இறந்த தேதியும் இருக்கிறது. காஞ்சனபுரியின் யுத்தக் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக, புல்வெட்டிப் பராமரிக்கப்பட்டு நிற்கின்றன. இன்னொரு பக்கத்தில் பிழையளவே இருபத்தைந்தாயிரம் மனிதர்கள்.

அந்த ரயில்பாதையை உலகம் தெரிந்துகொண்டது 1957ல் வந்த 'க்வாய் நதிப் பாலம்' படத்தின் மூலம். படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில். பாலம் கட்டுவது பிரிட்டிஷ் கைதிகள். அவர்களுடைய கர்னலின் தார்மீகச் சிக்கல்தான் படம். நல்ல சிக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையில் செத்தவர்களில் பெரும்பான்மையோருக்குத் தார்மீகச் சிக்கல் கொள்ளும் அந்தஸ்துகூடக் கதையில் கிடைக்கவில்லை. பாதையில் இறந்தவர்களுக்கென்று ஜப்பானிய ராணுவமே 1944ல் காஞ்சனபுரியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பியது. அதில் பல மொழிகளில் வாசகம் உண்டு. ஒன்று தமிழ். கொன்றவர்கள் தமிழில் ஒரு பலகை வைத்தார்கள் என்பதை எப்படி எடுத்துக்கொள்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

4

பாலின் பக்கங்களில் நான் இந்த ரயில்பாதையைத் தேடினேன். டோக்கியோவின் பெரும்பான்மைத் தீர்ப்பில் அதற்குத் தனிப்பகுதியே உண்டு. கைதிகளைப் பாதை போடப் பயன்படுத்துவதற்கு டோஜோ ஒப்புதல் கொடுத்தது விசாரணையில் வந்தது. பாலும் இதை மறைக்கவில்லை. பொறுப்பு டோஜோவுடையதுதான் என்று ஏற்கிறார். ஆனால் போர்க்கைதிகளை வேலை வாங்கும் விதிகளை மீறியது ஓர் அரசின் செய்கை, அது தன்னளவில் குற்றமாகாது, அதற்காக யாரையும் தனிமனிதனாகக் குற்றவாளியாக்க முடியாது என்று முடிக்கிறார். நான்கிங் கொடுமைகளையும் அவர் இல்லையென்று சொல்லவில்லை. நடந்தது நடந்ததுதான், ஆனால் கூண்டில் நிற்பவர் உத்தரவிட்டாரா, தெரிந்தே விட்டுவிட்டாரா என்பது நிரூபணமாகவில்லை என்கிறார்.

'அரசின் செய்கை' என்ற இடத்தில் அன்று இரவு புத்தகத்தை மூடிவிட்டேன்.

சாட்சியம் பற்றி அவர் எழுதியிருப்பது இன்னும் கடினமானது. அந்த நீதிமன்றத்தைச் சாட்சிய விதிகள் கட்டுப்படுத்தாது என்று அதன் சாசனமே சொன்னது. கேட்டவர் கேட்டதைச் சொன்னாலும், எழுதியவர் குறுக்கு விசாரணைக்கு வராவிட்டாலும், ஏற்றுக்கொள்ளலாம். இதை பால் எதிர்த்தார். சரியாகவே எதிர்த்தார். இந்தத் தளர்ச்சியை ஒரு முறை அனுமதித்தால் நாளை யாரை வேண்டுமானாலும் தூக்கில் போடலாம். ஆனால் பாலின் கோர்ட்டில் பூட்டி போய் நின்றிருந்தால்? "ஏறினதப் பாத்தேன் ஆத்தா" என்று ஒருவர் சொன்னதாக அவள் சொல்லியிருப்பாள். அது கேள்விச் சாட்சி. தள்ளுபடி. கண்ணகியிடம் மற்றொரு சிலம்பு இருந்தது. சிலம்பை உடைத்துக் காட்ட முடிந்தது. பாண்டியன் கொலைக்கு முன் விசாரிக்காதவனானாலும், சபையில் முத்துக்குப் பதில் மாணிக்கம் தெறித்ததும் ஒப்புக்கொள்ளத் தெரிந்தவன். கண்ணகியின் வழக்கு நம் இலக்கியத்தில் நிலைத்ததற்கு அவளுடைய கற்பு காரணமாக இருக்கலாம். வழக்கு ஜெயித்ததற்குக் காரணம் அவள் கையில் தடயம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாதவளுக்கு என்ன இலக்கியம் இருக்கிறது?

பாலுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆசியர் இருந்தார். பிலிப்பைன்ஸின் நீதிபதி டெல்ஃபின் ஹரானில்யா. படானில் சரணடைந்த கைதிகளை ஜப்பானியர் நடத்திச் சாகடித்த மரண ஊர்வலத்தில் நடந்து உயிர் தப்பியவர். அவரே பாதிக்கப்பட்டவர், நீதிபதியாக உட்காரக்கூடாது என்று பிரதிவாதிகள் ஆட்சேபித்தார்கள். அவர் உட்கார்ந்தார். மொத்தத் தீர்ப்பும் வந்தபோது, விதித்த தண்டனைகளில் சில போதாது என்று தனியே எழுதினார். அணுகுண்டு யுத்தத்தை முடித்தது என்று அதற்கும் நியாயம் சொன்னார்.

இந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாள் யோசித்தேன். என்னுடைய ரத்தம் ஹரானில்யாவின் பக்கம். என் படிப்பும் தொழிலும் பாலின் பக்கம். வாதி நீதிபதியாகக் கூடாது என்பது நியாயத்தின் முதல் எழுத்து. ஹரானில்யா அங்கே உட்கார்ந்ததை என்னால் ஆதரிக்க முடியவில்லை. ஆனால் அவர் எழுந்துபோயிருந்தால், அந்த மேடையில் நடந்து செத்தவர்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட மிஞ்சியிருக்க மாட்டார் என்பதும் உண்மை. பாலின் நடுநிலை குறையில்லாதது. அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதுதான் கேள்வி.

நாம் ஒரே பொருளில் சொல்லிவரும் இரண்டு சொற்களைப் பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நடுநிலை என்பது தராசின் தட்டுகளில் ஏறிவிட்டவர்களுக்கு இடையிலான விஷயம். வாதி, பிரதிவாதி, ஜெயித்தவன், தோற்றவன். இவனுக்குப் பொருந்தும் விதி அவனுக்கும் பொருந்த வேண்டும். டோக்கியோவில் கூண்டிலிருந்த 25 பேருக்கு இது மறுக்கப்பட்டது. பால் அதற்காக நின்றார். தராசில் ஏறவே வழியில்லாமல் வெளியே நிற்பவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன் ஒன்று உண்டு. பெயர் இல்லை, தேதி இல்லை, சாட்சி இல்லை, அவர்களுக்காக வக்காலத்துப் போட ஒரு தேசமும் இல்லை. நீதி என்ற சொல்லை நான் இந்தக் கடனுக்கு ஒதுக்கி வைக்க விரும்புகிறேன். நடுநிலை கேட்கும் கேள்வி: இவனைத் தண்டிக்கலாமா? நீதி கேட்கும் கேள்வி: யாருக்கு என்ன நடந்தது? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தாலும் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. கோர்ட்டின் அமைப்பு இரண்டையும் ஒரே தீர்ப்பில் முடித்துவிடுவதாக இருக்கிறது. 'குற்றவாளி இல்லை' என்று எழுதினால், கேட்பவன் காதில் 'ஒன்றும் நடக்கவில்லை' என்று விழுகிறது.

இது என் கற்பனை அல்ல. 2005ல் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் பாலுக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். தூக்கிலிடப்பட்டவர்களையும் சேர்த்து யுத்தத்தில் மாண்டவர்களை தெய்வமாக வணங்கும் இடம் அது. நான்கிங் கொடுமையே பொய் என்று வாதிப்பவர்கள், அது உண்மை என்று எழுதிய பாலைத் தங்களுடைய சாட்சியாகக் கூப்பிடுகிறார்கள். அவர் 1967ல் இறந்துவிட்டார். இது அவருடைய குற்றமாகாது. ஆனால் நடுநிலையை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனால், பாக்கி இடத்தில் யார் வந்து எதை எழுதுவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

5

கோர்ட்டில் கிடைக்காதது ஒப்பந்தத்தில் கிடைத்ததா என்று பார்க்கலாம். 1951ல் சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின் 16வது ஷரத்து, ஜப்பானிடம் கைதிகளாயிருந்து அவதிப்பட்ட நேசநாட்டுப் படையினருக்கு நஷ்டஈடு தரச் சொன்னது. வாசகம் 'படையினர்' என்கிறது. தோட்டக்கூலி படையினன் அல்ல. அந்த ஒரு சொல் போட்ட கோட்டுக்கு வெளியே அவன் நின்றுவிட்டான். பிரிட்டிஷ் கைதிகளுக்கு ஆளுக்குச் சுமார் 76 பவுன் கிடைத்தது. அவர்களே அதை அவமானம் என்று கருதினார்கள். ஆனால் அவமானப்படுவதற்காவது ஒரு தொகை வந்தது.

இந்தியா சான்பிரான்சிஸ்கோவில் கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9ந் தேதி ஜப்பானோடு தனியாக ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. அதில் நஷ்டஈட்டு உரிமைகள் அனைத்தையும் இந்தியா விட்டுக்கொடுத்தது. நாம் இதைப் பெருந்தன்மை என்று படித்திருக்கிறோம். தோற்றுக் கிடக்கும் ஆசிய நாட்டை இன்னும் நசுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் உண்மையான தாராளம் இருந்தது. பாலின் தீர்ப்பில் இருந்த அதே மனோபாவந்தான். ஆனால் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. தன் பாக்கியை ஒருவன் தள்ளுபடி செய்தால் தாராளம். அடுத்தவன் பாக்கியைத் தள்ளுபடி செய்தால் அதற்கு என்ன பெயர்? எங்கள் ஆபீசில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் செய்தால் வேலை போய்விடும்.

மன்னிப்பைப் பற்றி நாம் கவிதைகளில் நிறைய எழுதுகிறோம். மன்னிக்கும் அதிகாரம் யாருடையது என்பதைப் பற்றி எழுதுவதில்லை. செத்தவன் மன்னிக்க முடியாது. அவனுக்காக வேறு யாரும் மன்னிக்கவும் முடியாது. மன்னிக்க முடியாது என்பதால் பழிவாங்கு என்றும் அர்த்தமில்லை. டோஜோவின் கழுத்தில் கயிறு இறுகியதால் பூட்டனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பெயர்கூட அந்த மேடையில் உச்சரிக்கப்படவில்லை. தண்டனை, மன்னிப்பு இரண்டுமே கணக்கை முடிக்கும் வழிகள். முடிக்க உரிமையில்லாத கணக்கு ஒன்று இருக்கலாம் என்ற எண்ணம் இந்த இரண்டு பக்கத்தாருக்கும் வருவதில்லை.

6

கவுண்டருக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவன் லாரி டிரைவர். வடக்கே போனவன் திரும்பவில்லை. மூன்று வருஷமாகிறது. அவன் பேரிலிருந்த சேமிப்பை எடுக்க வேண்டும். நான் அவளிடம் விதியைச் சொன்னேன். ஏழு வருஷம் ஒருவனைப் பற்றித் தகவலில்லையென்றால்தான் அவன் இறந்ததாகச் சட்டம் அனுமானிக்கும். 1872ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலிருந்து வந்த விதி இது. அவள் சண்டை போடவில்லை. "ஏழு வருஷம் கழிச்சு வந்தா நீங்களே செத்துட்டார்னு எழுதிக் குடுப்பீங்களா சார்?" என்று கேட்டாள். கோர்ட்டில் உத்தரவு வாங்கி வர வேண்டும் என்றேன். அவள் பணத்தைக் கேட்கவில்லை என்பது அவள் போனபின்தான் எனக்கு உறைத்தது.

அதே ஆபீசில் வேறொரு வேலையும் என் தலையில் விழுகிறது. பத்து வருஷமாக யாரும் தொடாத கணக்குகளைப் பட்டியல் எடுக்க வேண்டும். 2014லிருந்து அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதி ஒன்றுக்குப் போகிறது. வங்கிக்காரனாக நான் மதிக்கிற சில விதிகளில் இதுவும் ஒன்று. ஏனென்றால் பணம் போனாலும் உரிமை போவதில்லை. இருபது வருஷம் கழித்து வாரிசு வந்து நின்றாலும் வங்கி கொடுத்தாக வேண்டும். சொந்தக்காரன் வரவில்லை என்பதால் கணக்கில் பூஜ்யம் எழுதிவிட முடியாது. முந்நூறு ரூபாய்க்கும் இதே மரியாதை உண்டு. மனிதர்களுக்கு அது இல்லை என்று சொல்லி முடித்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது முழு உண்மையல்ல.

பூட்டி 1974ல் இறந்தாள். முப்பத்திரண்டு வருஷம் புருஷனைப் பற்றித் தகவலில்லை. சட்டப்படி பார்த்தால் எப்போதோ விதவை. ஆனால் தாலியைக் கழற்றவில்லை, பொட்டையும் அழிக்கவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டும்போது சர்ச்சை வந்தது. சுமங்கலியாக எடுப்பதா, தாலியை வாங்கிவிட்டு எடுப்பதா? பங்காளிகள் இரண்டாகப் பிரிந்தார்கள். அவர் செத்தது ஊருக்கே தெரியும் என்றது ஒரு பக்கம். யார் பார்த்தது என்றது மற்றொரு பக்கம். வீட்டுக்குள் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். திண்ணையில் இருந்த ஒரு பெரியவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், கடைசியில் சொன்னதை அம்மாச்சி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள்: "தெரியாதத தெரிஞ்ச மாதிரி நாம செய்யக்கூடாதுப்பா. கழுத்துல இருக்கறது இருக்கட்டும். அவனுக்கும் ஒரு இலை போடுங்க."

இரண்டும் முரண். தாலி இருந்தால் அவன் உயிரோடிருக்கிறான். இலை போட்டால் செத்துவிட்டான். வக்கீல் ஒருவர் இருந்திருந்தால் சிரித்திருப்பார். ஆனால் அந்தப் பெரியவர் செய்ததை யோசித்துப் பார்த்தால், அவர் பாலின் கண்டிப்பைக் கைவிடவில்லை. நிரூபிக்கப்படாததை நிரூபித்ததாக எழுத மறுத்தார். அதோடு நிற்கவும் மறுத்தார். நிரூபிக்க முடியாதவனுக்குப் பசிக்கும் என்று எடுத்துக்கொண்டார். தீர்ப்பு என்று அதைச் சொல்ல முடியுமா தெரியவில்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் படையலில் ஓர் இலை கூட விழுகிறது.

பால் குற்றவாளிகள் என்று எழுதியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் பூட்டனுக்காக அவர் சட்டத்தை வளைத்திருந்தால், வேறொருவன் பூட்டனைத் தூக்கில் போட அதே வளைவு போதும். அவரிடம் நான் எதிர்பார்ப்பது வேறு. 1,200 பக்கம் எழுதியவர், கூண்டிலிருந்த 25 பேரை விடுவித்தபின், இன்னும் சில பக்கங்கள் எழுதியிருக்கலாம். இவர்களைத் தண்டிக்க எனக்கு அதிகாரம் இல்லை, ஆனால் இன்ன இடத்தில் இன்னின்னாருக்கு இது நடந்தது, அவர்களுடைய பெயர்கள் என்னிடம் இல்லை, அந்தப் பெயர்கள் வரும்வரை இந்தக் கணக்கை யாரும் முடிக்கக்கூடாது என்று. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பார்கள். மறுப்புத் தீர்ப்பு என்பதே இடமில்லாத இடத்தில் எழுதுவதுதானே.

அந்த வேலை நம்மைப் போன்றவர்களுக்கு மிச்சம் இருக்கிறதோ என்னவோ. இலக்கியம் நீதி வழங்கும் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. நம் பத்திரிகைகள் அச்சிடும் முந்நூறு பிரதிகளை வைத்துக்கொண்டு அப்படிப் பேசுவது கேலிக்கிடம். ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாமலும், தெரியவில்லை என்பதால் விட்டுவிடாமலும் ஒரு பக்கம் எழுதுவது சாத்தியந்தானா என்று பார்க்கலாம். இதுவரை நான் எழுதிய விமர்சனங்களில் அதைச் செய்ததாக எனக்கு நினைவில்லை.

அம்மாச்சிக்கு இப்போது வயது எண்பத்தெட்டு. பாலைப் பற்றி அவளிடம் சொன்னேன். ரயில் போட்டவர்களை விடுதலை செய்துவிட்ட ஜட்ஜ் என்றுதான் சொல்ல முடிந்தது. கொஞ்ச நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "அந்த ஜட்ஜுக்கு எங்கப்பா பேரு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன்.